கல்வராயன் மலைக்குப் போன லண்டன் பாட்டி

இந்த மடலில் நான் வழக்கமாக எழுதுவது 15எச் படிவம், நாமினேஷன், லாக்கர் ஒப்பந்தம் போன்ற சமாச்சாரங்கள். இந்தத் தடவை ஒரு மாறுதலுக்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கையைச் சொல்கிறேன். நம்மில் பாதிப் பேர் வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அதனால் இந்தக் கதை உங்களுக்கும் கொஞ்சம் உறைக்கும் என்று நினைக்கிறேன்.

வங்கியில் சேர்ந்து சில வருஷத்தில் எனக்கு வடக்கனந்தல் பக்கம் மாற்றல் வந்தது. 1980களின் நடுப்பகுதி. கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டம் இல்லை, தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் மரவள்ளி, கொஞ்ச தூரத்தில் கோமுகி அணை, அதற்குப் பின்னால் சுவர் எழுப்பியது மாதிரி கல்வராயன் மலை. மனைவியும் கைக்குழந்தையும் விழுப்புரத்தில். நான் திங்கள் முதல் சனி வரை ஒரு ஒற்றை அறையில். சாயங்காலம் கணக்கை முடித்துவிட்டு வெளியே வந்தால் அந்த மலைதான் கண்ணில் படும். இரண்டு வருஷம் அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு இங்கிலாந்துக் கிழவி இடுப்பொடிந்த பிறகும் குதிரையில் ஏறி அந்த மலையில் ஊர் ஊராகப் போனார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஓய்வுபெற்ற பின், வேறு எதையோ படிக்கப் போய்த் தெரிந்துகொண்டேன்.

அவர் பெயர் ஈவ்லின் பிராண்ட். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் கொடுத்தாரே டாக்டர் பால் பிராண்ட், அவருடைய தாயார். மகனை உலகம் அறியும். தாயாரைப் பற்றிப் படித்த பிறகு எனக்கு மகனைவிட அவர்தான் பெரிய ஆளாகத் தெரிகிறார். என் மனைவி இதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சண்டையைப் பிறகு சொல்கிறேன்.

ஈவ்லின் பிறந்தது 1879இல், லண்டனில், செயின்ட் ஜான்ஸ் வுட் என்ற பசையுள்ள பகுதியில். அப்பா வியாபாரி. வீடு நிறைய அக்கா தங்கைகள். பெண் நன்றாகப் படம் வரைவார், ஓவியம் முறையாகப் படித்தவர். பட்டு உடை, தொப்பி, குதிரை வண்டி என்று வளர்ந்தவர். முப்பது வயதைத் தாண்டிய பிறகு மிஷனரியாகச் சென்னைக்குக் கப்பல் ஏறினார். அந்தக் காலத்தில் அந்த வயதில் கல்யாணமாகாத பெண் என்றால் எப்படிப் பேசியிருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஜெஸ்ஸி பிராண்ட் அவரைவிட ஆறு வயது இளையவர். லண்டனுக்குத் தெற்கே கில்ட்ஃபோர்டு ஊர்க்காரர். வெப்ப நாட்டு நோய்களைப் பற்றி ஒரு வருஷம் மட்டும் படித்துவிட்டு 1907இல் இந்தியா வந்தார். டாக்டர் பட்டம் கிடையாது. மலையில் டாக்டரே இல்லாததால் அந்த ஒரு வருஷப் படிப்பே பெரிய படிப்பாகிவிட்டது. 1913இல் சேந்தமங்கலத்தில் கல்யாணம். சேந்தமங்கலம் கொல்லிமலை அடிவாரம். இன்றைக்கு நாம் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவைக் காரில் ஏறிவிட்டுத் தலை சுற்றுகிறது என்கிறோம். அன்றைக்குப் பாதையே இல்லை. கல்யாணப் பெண்ணை டோலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். வழியில் மழை. கல்யாண உடை மொத்தமும் நனைந்து போய்த்தான் புகுந்த வீடு போய்ச் சேர்ந்தார்.

அந்தப் புகுந்த வீடு ஜெஸ்ஸி தன் கையால் கட்டிய மர வீடு. தரையில் இல்லை, மரக்கால்களின் மேல் நின்றது. கரையான் ஏறாமல் இருக்க ஒவ்வொரு காலின் தலையிலும் ஒரு தகரத் தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார். கரண்ட் இல்லை, குழாய் இல்லை. கொசுவலைக்குள் தூக்கம். கொல்லிமலை என்றாலே மலேரியா என்று சமவெளிக்காரர்கள் இரவு தங்கப் பயந்த காலம் அது. சுற்றிலும் மலையாளி இனத்துப் பழங்குடி மக்கள். மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் மலையாளி. கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் கிடையாது, பேசுவது தமிழ். கல்வராயன் மலையிலும் இதே மக்கள்தான். எங்கள் கிளைக்குக் கடன் கேட்டு மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களின் பேரைப் பாஸ்புக்கில் எழுதியிருக்கிறேன், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

விடிந்தால் வாசலில் கூட்டம். ஒருவருக்குப் பல் வலி, ஒருவருக்குக் கட்டி, ஒருவருக்குக் காய்ச்சல். ஜெஸ்ஸி பல் பிடுங்குவார், கட்டியைக் கீறுவார். மருத்துவமே படிக்காத ஈவ்லின் பக்கத்தில் நின்று உதவுவார். ஓவியம் படித்த கை அது.

நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது. நம் பெரியவர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். குளத்து நீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி வழியாக வயிற்றுக்குள் போய், முழ நீளப் புழுவாக வளர்ந்து, ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளமாகி வெளியே தலை நீட்டும். இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் உள்ளேயே சீழ் பிடிக்கும். ஜெஸ்ஸி செய்தது பொறுமையான வைத்தியம். நோயாளியின் காலில் குளிர்ந்த நீரை ஊற்றிப் புழுவை வெளியே வரவைத்து, ஒரு குச்சியில் சுற்றுவார். ஒரு நாளைக்கு ஓர் அங்குலம், இரண்டு அங்குலம். மறுநாள் மறுபடி. ஆனால் குச்சியில் சுற்றுவதோடு நின்றால் அடுத்த வருஷமும் இதே கூட்டம் வரும் அல்லவா? அதனால் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னார். கால் வைத்து இறங்கித் தண்ணீர் எடுக்காதபடி கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கட்டவைத்தார். ஊர் ஊராக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கும். புண்ணுள்ள கால் தண்ணீரில் படாவிட்டால் புழு தன் குஞ்சுகளை விட வழியில்லை, அவ்வளவுதான் கணக்கு. இந்தியா முழுக்க இந்த நோய் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000இல்தான். ஒழித்த முறையும் ஏறக்குறைய இதேதான், வடிகட்டு, கிணற்றுக்குச் சுவர் எடு. நம் குடியிருப்பில் சம்ப் மூடியைத் திறந்து போடாதீர்கள் என்று செயலாளர் மாதாமாதம் வாட்ஸ்அப்பில் கெஞ்சுவது ஏனோ நினைவுக்கு வருகிறது.

1914இல் பால் பிறந்தான். மூன்று வருஷம் கழித்துக் கானி என்ற பெண். இரண்டும் மலையிலேயே வளர்ந்தன. பள்ளிக்கூடம் இல்லாததால் அம்மாதான் டீச்சர். பையன் வீட்டுக்குள் உட்கார மாட்டான். பலா மரத்தில் ஏறிக்கொள்வான். சரி, மரத்திலேயே படி என்று விட்டுவிட்டார் ஈவ்லின். மேலே உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தாளைக் கீழே போடுவான், அம்மா திருத்துவார். அப்பா கரையான் புற்றையும் தூக்கணாங்குருவிக் கூட்டையும் காட்டி மணிக்கணக்கில் விளக்குவார். இதை எல்லாம் பிற்பாடு பால் எழுதிய புத்தகங்களில் படிக்கும்போது, அந்த வீட்டில் வறுமை இருந்ததே தவிர வாட்டம் இல்லை என்று தெரிகிறது.

ஒரு நாள் தொழுநோய் முற்றிய மூன்று பேர் வந்தார்கள். ஜெஸ்ஸி, வழக்கத்துக்கு மாறாகக் கையுறை போட்டுக்கொண்டு புண்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். ஈவ்லின் ஒரு கூடையில் பழங்களைக் கொண்டுவந்து அவர்கள் அருகில் வைத்தார். அவர்கள் பழத்தை எடுத்துக்கொண்டு கூடையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பையன் கூடையை எடுக்க ஓடினான். தொடாதே, அவர்கள் உட்கார்ந்த இடத்தில் மிதிக்காதே என்று தடுத்துவிட்டார் அம்மா. அப்பா கூடையை எரித்துவிட்டு வெந்நீரில் கையைத் தேய்த்துக் கழுவினார். பிள்ளைகளையும் குளிப்பாட்டினார்கள். எதற்கும் பயப்படாத அப்பா அம்மா பயந்ததைப் பால் பார்த்த நாள் அது. பிற்காலத்தில் அதே நோயாளிகளின் கைகளைத்தான் அவர் வெறுங்கையால் பிடித்துத் தடவிப் பார்த்து வைத்தியம் செய்தார்.

மதம் பற்றிச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். அவர்கள் வந்தது மருந்து கொடுக்க மட்டும் அல்ல, தங்கள் மதத்தைச் சொல்லவும்தான். ஏழு வருஷம் போல அதைக் கேட்பார் யாருமில்லை. பூசாரிகள் எதிர்த்தார்கள், அவர்கள் பக்கம் பார்த்தால் அது நியாயம்தானே. 1918 வாக்கில் விஷ ஜுரம் உலகம் முழுக்கப் பரவி இந்த மலைக்கும் வந்தது. வீட்டுக்காரர்களே நோயாளியை விட்டுவிட்டு ஓடினார்கள். ஜெஸ்ஸியும் ஈவ்லினும் அரிசிக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வாயில் ஊற்றினார்கள். எதிர்த்துக்கொண்டிருந்த ஒரு பூசாரியும் அந்த ஜுரத்தில் படுத்தார். சாகும் தறுவாயில் தன் கைக்குழந்தையை அந்த வெள்ளைக்காரத் தம்பதியிடம்தான் ஒப்படைத்தார். சொந்தக்காரர் யாரும் எட்டிப் பார்க்காத நேரத்தில் கஞ்சியோடு வந்தவர்களை அவர் நம்பினார். கொரோனா காலத்தில் நம் ஏ பிளாக்கில் எந்த வீட்டுக் கதவு திறந்தது, எது மூடியது என்று நமக்கும் தெரியும். பேர் எல்லாம் வேண்டாம்.

இனி வருவதுதான் எங்கள் வீட்டுச் சண்டைக்குக் காரணம்.

1923இல் குடும்பம் விடுப்பில் இங்கிலாந்து போயிற்று. பாலுக்கு 9 வயது, கானிக்கு 6. விடுப்பு முடிந்ததும் பெற்றோர் மட்டும் மலைக்குத் திரும்பினார்கள். பிள்ளைகளை லண்டனில் ஈவ்லினின் சகோதரிகளிடம் விட்டுவிட்டார்கள். படிப்பு வேண்டும், மலையிலோ மலேரியா. அந்தக் காலத்து மிஷனரிக் குடும்பங்கள் எல்லாம் இப்படித்தான் செய்தன, வெள்ளைக்கார அதிகாரிகளும் இப்படித்தான். வழக்கம் என்று சொல்லிவிடலாம். ஆனால் பலா மரத்தில் உட்கார்ந்து படித்த பையன், திரை போட்ட ஜன்னல்களும் கண்ணாடி அலமாரிகளும் உள்ள வீட்டில் காலைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டும். அப்பா அம்மா என்பது அன்றிலிருந்து கடிதம். எழுதிய கடிதம் கப்பலில் வாரக்கணக்கில் வரும். கேட்ட கேள்விக்குப் பதில் வரும்போது கேள்வியே மறந்திருக்கும்.

ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. 1929 ஜூன் 15. மலேரியா முற்றிக் கருநீர்க் காய்ச்சலாகி ஜெஸ்ஸி இறந்துபோனார். 44 வயது. லண்டனுக்குத் தந்தி போயிற்று. பாலுக்கு 15 வயது நிறையவில்லை. தந்திக்குப் பிறகும் சில வாரம் அப்பாவின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அவர் உயிரோடு இருந்தபோது கப்பலில் போட்டவை. மலைப் பாதையில் குதிரையில் வரும்போது பார்த்த மரங்களையும் பூக்களையும் பற்றி மகனுக்கு எழுதியிருந்தார். இறந்துபோனவரின் கடிதத்தை ஒரு பையன் எப்படிப் பிரித்திருப்பான்? எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் படிக்க ஒரு நாள் ஆயிற்று. விழுப்புரத்திலிருந்து கைக்குழந்தைக்கு ஜுரம் என்று வந்த தந்தி எனக்கு ஞாபகம் வந்தது. கடைசி பஸ்ஸைப் பிடித்து நான் போய்விட்டேன்.

ஈவ்லின் பிறகு இங்கிலாந்து வந்தபோது, கப்பலிலிருந்து இறங்கிய மெலிந்து கூனிய பெண்ணைப் பாலுக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் மனசில் இருந்தது உயரமான, அழகான அம்மா. பிள்ளைகளோடு அவர் இருந்துவிட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். திரும்பவும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்.

என் மனைவியின் கட்சி இது. ஊரார் பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றியவர் சொந்தப் பிள்ளைக்கு வெறும் காகிதம் கொடுத்தார், அவரைப் பெரிய ஆள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அந்தக் காலம், கப்பல், காய்ச்சல். எதுவும் எடுபடவில்லை. வங்கியில் எந்தத் தலைப்பிலும் அடங்காத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். இதையும் அங்கேதான் வைத்திருக்கிறேன். நீங்கள் வேறு மாதிரி நினைத்தால் அடுத்த இதழுக்கு எழுதுங்கள்.

திரும்பி வந்தவரை மிஷன் பெரும்பாலும் சமவெளி ஊர்களில் வைத்திருந்தது. அவருக்கு மனசெல்லாம் மலை. கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன் மலை என்று ஐந்து மலைகளில் வேலை செய்ய வேண்டும் என்று கணவனும் மனைவியும் போட்ட திட்டம் அப்படியே நின்றிருந்தது. 68 வயதில் மிஷன், போதும், ஓய்வு பெறுங்கள் என்றது. ஒரே ஒரு வருஷம் கேட்டார், கொடுத்தார்கள். வருஷம் முடிந்தது. வழியனுப்பு விருந்துக்கு எல்லோரும் கூடியபோது, மிஷனிலிருந்து ஓய்வு பெறுகிறேன், ஆனால் ஊருக்குப் போகவில்லை, மலைக்குப் போகிறேன் என்று அறிவித்துவிட்டார். வேண்டிய சாமான்களை முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தாராம். சம்பளம் இல்லை, மேலதிகாரி இல்லை. நாம் ஓய்வு பெற்ற மறுவாரம் என்ன செய்தோம்? நான் பென்ஷன் அரியர்ஸ் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் அவர் நம் கல்வராயன் மலைக்கும் வருகிறார். குதிரையில் போய், ஒரு கிராமத்தில் தங்கி, மருந்து கொடுத்து, பாடம் சொல்லிக் கொடுத்து, அடுத்த கிராமம். இப்போது வெள்ளிமலைக்கு பஸ்ஸிலேயே போய் வருகிறோம். அன்று வெறும் ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையில் குதிரையிலிருந்து பல முறை விழுந்தார், தலையில் அடி பட்டது, முதுகெலும்பு விரிந்தது. 75 வயதில் வீட்டுக்குள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ராத்திரி முழுக்கத் தரையில் கிடந்தார். காலையில் வேலைக்கு வந்த ஆள்தான் பார்த்தார். நான்கு பேர் கயிற்றுக் கட்டிலில் மலையிலிருந்து இறக்கி, ஜீப்பில் போட்டு வேலூர் கொண்டுபோனார்கள். ஏறக்குறைய 150 மைல். எலும்பு முறிந்த இடுப்போடு அந்தக் காலத்து ரோட்டில் ஜீப்!

வேலூரில் மகன் இருந்தார். பள்ளி முடிந்து ஐந்து வருஷம் கொத்தனார் வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொண்டு, பிறகு லண்டனில் டாக்டராகி, 1946 கடைசியில் சி.எம்.சி.க்கு வந்திருந்தார். தச்சு வேலை பழகிய விரல் கை அறுவைக்கு நன்றாகக் கைகொடுத்தது என்று சொல்வார்கள். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால்தான் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் போகிறது என்று நிரூபித்தவர் அவர். இரவில் தூங்கும்போது விரலை எலி கடிப்பதுகூட நோயாளிக்குத் தெரியாது. அதனால் வீடு திரும்பும் நோயாளிக்கு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். காரிகிரி மருத்துவமனை அந்த வேலையிலிருந்து வளர்ந்ததுதான்.

மகன் அம்மாவைத் தேடி மலைக்குப் போனார். தனியாக இருக்காதே, என்னோடு வந்துவிடு என்று கெஞ்சினார். 9 வயதில் லண்டனில் விடப்பட்ட பிள்ளை, இப்போது அம்மாவைக் கூப்பிடுகிறார், அம்மா வர மாட்டேன் என்கிறார். இங்கே யார் மருந்து கொடுப்பார்கள், யார் பல் பிடுங்குவார்கள் என்பது அவர் வாதம். உபயோகம் இல்லாத உடம்பைப் பத்திரமாக வைத்து என்ன பயன் என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னாராம். மகன் மலையிறங்கி வந்துவிட்டார். இந்த இடத்தில் என் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அப்போதாவது போயிருக்கலாம் என்றார்.

இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார். குதிரையில் ஏற முடிந்தவரை ஏறினார். அதுவும் முடியாத கடைசிக் காலத்தில் இரண்டு கழிக்கு நடுவே துணி கட்டி ஊர்க்காரர்கள் அவரைத் தூக்கிப் போனார்கள். கல்யாணத்தன்று டோலியில் ஏறியவர், முடிவிலும் அப்படியே. அவர் வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் கண்ணாடி கிடையாது. வேண்டாம் என்று வைக்கவில்லை. ஒரு காலத்தில் ஓவியர், அழகை உற்றுப் பார்க்கத் தெரிந்தவர்.

1974 டிசம்பர் 18 அன்று, 95ஆம் வயதில் ஈவ்லின் காலமானார். சவப்பெட்டி வேண்டாம், பருத்தித் துணியில் சுற்றி மண்ணில் வையுங்கள் என்று சொல்லி வைத்திருந்தார். அப்படியே செய்தார்கள். கொல்லிமலையில், 45 வருஷத்துக்கு முன்னால் ஜெஸ்ஸியைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில்.